சிக்னலில் நிற்கும்போது ஏபிஎஸ் அடிக்குது, பியூஸைப் பிடுங்கிடலாமா?

#1 பெல்லந்தூர்_ஓட்டுநர்

2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் சுத்தாம பூட்டிக்காம பார்த்துக்கறது), இபிடி (முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பிரிச்சுத் தர்றது) ரெண்டும் உண்டு, ஈஎஸ்பி (வண்டி சறுக்கிச் சுழலாம தடுக்கறது) கிடையாது. மீட்டர் லட்சத்தைத் தாண்டியாச்சு.

சிக்னலில் நிதானமா பிரேக் பிடிச்சு நிறுத்தறப்போ, வேகம் பத்துக்குக் கீழே வந்ததும் பெடல் தடதடன்னு காலைத் தட்டுது. பானெட்டுக்குள்ள கர்ர்னு ஒரு மோட்டார் சத்தம். வண்டி ஒரு அடி, ரெண்டு அடி கூடுதலா உருண்ட பிறகுதான் நிக்குது. காய்ஞ்ச ரோட்டிலேயே இப்படி. ஏபிஎஸ் விளக்கு எரியலை. பேட், டிஸ்க் நல்லாத்தான் இருக்கு.

ஒரு கேரேஜில் ஏபிஎஸ் யூனிட்டையே மாத்தணும்கிறாங்க. இன்னொருத்தர், பியூஸைப் பிடுங்கிட்டா பழைய வண்டி மாதிரி ஓட்டிக்கலாம்கிறார். எந்த பியூஸ்? பிடுங்கினா சாதாரண பிரேக் ஒழுங்கா பிடிக்குமா? கூடவே வேற எதுவும் போகுமா? ஓட்டம் பெரும்பாலும் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு, அப்பப்போ ஓசூர் வழியா சேலம்.

#2 கேஜிஎஃப்_டீசல்

தாராளமா பிடுங்கலாம் தம்பி. பானெட் பியூஸ் பாக்ஸ் மூடியைத் திருப்பிப் பாருங்க, உள்பக்கம் படம் போட்டிருக்கும். ஏபிஎஸ்னு ரெண்டு பெரிய பியூஸ்: ஒண்ணு பம்ப் மோட்டாருக்கு, 40 ஆம்பியர் வாக்கில், இன்னொண்ணு வால்வுகளுக்கு, 25 அல்லது 30. அது போக இக்னிஷன் லைனில் 5, 10 ஆம்பியரில் சின்னதா ஒண்ணு. எதைப் பிடுங்கினாலும் ஏபிஎஸ் படுத்துடும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். பெடல், பூஸ்டர் (மிதியைப் பலமாக்கறது), மாஸ்டர் சிலிண்டர் (ஆயிலைத் தள்ளறது) எதுக்கும் ஒண்ணும் ஆகாது.

அம்பாசடரும் மாருதி 800-உம் ஓட்டிப் பழகினவங்க இன்னைக்கும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. கால்ல பதம் இருந்தா போதும்.

#3 சுழல்விசை

ஐயா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆள் விழுவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஈஎஸ்பி இல்லாத நாலு சேனல் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் எட்டு சோலனாய்டு (மின்காந்த) வால்வுகள் இருக்கும், சக்கரத்துக்கு இரண்டு. உள்ளே விடும் வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும். வெளியே விடும் வால்வு மூடியே இருக்கும். ஆகவே மின்சாரத்தை நிறுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) வரை ஆயில் தடையில்லாமல் போகும். "சாதாரண பிரேக் வேலை செய்யும்" என்பதற்கு அடிப்படை இதுதான். அதில் பொய்யில்லை.

சிக்கல் இபிடியில். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைகிறது. முன்னுக்குப் போகும் அதே அழுத்தம் பின்னுக்கும் போனால் பின் சக்கரம்தான் முதலில் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகளில் இதைத் தடுக்க ப்ரொபோர்ஷனிங் வால்வு என்று ஒரு இயந்திர வால்வு இருந்தது. சில வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரிலேயே திருகியிருக்கும்; சிலவற்றில் பின் ஆக்சிலில் கம்பியோடு கட்டிய சுமை அறியும் வால்வாக இருக்கும். இபிடி வந்த பிறகு பெரும்பாலான கார்களில் அந்த வால்வையே எடுத்துவிட்டார்கள். அதன் வேலையை ஏபிஎஸ் யூனிட்டின் பின் சக்கர வால்வுகளே செய்கின்றன.

அதனால் வால்வு பியூஸையோ இக்னிஷன் பியூஸையோ பிடுங்கினால் வண்டி "ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி" ஆகாது. ஏபிஎஸ்ஸும் இல்லாத, ப்ரொபோர்ஷனிங் வால்வும் இல்லாத வண்டியாகும். உங்கள் வண்டியை அப்படி ஓடுவதற்காக யாரும் வடிவமைக்கவில்லை. முன் சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் செத்துப்போகும், ஆனாலும் வண்டி நேராகத்தான் சறுக்கும். பின் சக்கரம் பூட்டினால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். சேலம் போகும் வழியில் தொப்பூர் மலை இறக்கத்தில், மழையில், லேசான வளைவில் அது நடந்தால் ஸ்டியரிங்கில் செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

விளக்கைப் பார்த்தே நிலைமை தெரியும். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் பெரும்பாலும் இபிடி உயிரோடு இருக்கிறது. மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால், ஹேண்ட்பிரேக்கும் இறங்கியிருக்கிறது, ஆயில் அளவும் சரி என்றால், இபிடி போய்விட்டது. ஒரு சென்சாரோ பம்ப் மோட்டாரோ மட்டும் செயலிழக்கும்போது பல சிஸ்டங்கள் இபிடியைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும். முழு மின்சாரமும் போனால் காப்பாற்ற வழியில்லை.

கூடவே போகக்கூடியவை: பல வண்டிகளில் வேகத் தகவல் ஏபிஎஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் மற்றவற்றுக்குப் போகிறது. ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், வேகத்துக்கேற்ப கனமாகும் பவர் ஸ்டியரிங், தானாகப் பூட்டும் கதவு, ஆட்டோமேட்டிக் கியர் மாறும் நேரம், ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் வண்டி பின்னே உருளாமல் பிடிப்பது) எல்லாம் பாதிக்கப்படலாம். சில எலக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளில் பூஸ்டரும் ஏபிஎஸ்ஸும் ஒரே யூனிட். அங்கே பியூஸைத் தொட்டால் பிரேக் உதவியே போய்விடும், பெடல் கல்லாக இருக்கும்.

#4 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

யூனிட் மாத்தச் சொன்ன கேரேஜுக்கு இன்னொரு முறை போகாதீங்க சார். நீங்க சொன்ன அறிகுறிக்கு யூனிட் காரணமா இருக்கிறது ரொம்ப அபூர்வம். பத்துக்குக் கீழே, காய்ஞ்ச ரோட்டில், விளக்கு எரியாம பெடல் அடிச்சா அது பொய் ஏபிஎஸ். ஏதோ ஒரு சக்கரத்தோட சென்சார் சிக்னல், சக்கரம் சுத்தும்போதே சைபருக்கு விழுது. கம்ப்யூட்டர் அந்த வீல் பூட்டிக்கிச்சுன்னு நினைச்சு பிரஷரை இறக்கி விடுது. அதான் வண்டி உருளுது.

விளக்கு ஏன் எரியலைன்னா, கம்ப்யூட்டர் கணக்குப்படி பிழையே நடக்கலை. சிக்னல் குறைஞ்சது, ஏபிஎஸ் வேலை செஞ்சது, வண்டி நின்னுது. பிழைக் கோடு (எரர் கோட்) பதிவாக அது போதாது.

முதல்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். டிஸ்க் கோணினா வர்ற அதிர்வு வேகத்தோட சேர்ந்து மாறும், 80-இல் வேகமா, 30-இல் மெதுவா, ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும், மோட்டார் சத்தம் வராது. ஏபிஎஸ் அடிக்கிறது எந்த வேகத்திலும் ஒரே மாதிரி, நொடிக்குப் பத்துப் பதினைஞ்சு தட்டு, பம்ப் சத்தத்தோட. உங்களுடையது ரெண்டாவது.

நம்ம ஊருக்குன்னே மூணாவதா ஒண்ணு உண்டு. ஜங்ஷனுக்கு முன்னாடி போட்டிருக்கிற ரம்பிள் ஸ்ட்ரிப் மேலயோ, பள்ளத்து மேலயோ பிரேக் பிடிக்கும்போது வீல் ஒரு நொடி தரையை விட்டு எழும்பும், காத்துல பூட்டிக்கும், ஏபிஎஸ் இறக்கி விடும். ஓட்டறவருக்கு பிரேக் விட்டுப் போன மாதிரி இருக்கும். ஷாக் அப்சார்பர் செத்த வண்டியில் இது ரொம்ப ஜாஸ்தி. சமதளத்தில் வராம மேடு பள்ளத்தில் மட்டும் வந்தா சென்சாரைத் தொடாதீங்க, ஷாக்கைப் பாருங்க.

சமதளத்திலேயே வருதுன்னா வேலை இது:

லைவ் டேட்டா காட்டற ஸ்கேனர் ஒண்ணு மாட்டுங்க. நாலு வீல் வேகத்தையும் ஒரே திரையில் வச்சு, நேரா 40 வரை போய், பிரேக் தொடாம வண்டியைத் தானா மெதுவாக விடுங்க. பக்கத்து சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும். எந்த வீல் மத்ததை விட முன்னாடியே சைபர் ஆகுதோ அதுதான் ஆள். சந்தையில் மலிவா கிடைக்கிற ப்ளூடூத் இஎல்எம்327 டப்பா பல வண்டிகளில் இன்ஜினை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் பக்கம் போகாது. ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனர்தான் வேணும், அதைக் கேட்டு உறுதி பண்ணிட்டுக் காசு கொடுங்க.

டேட்டாவோட வாங்க, அடுத்ததைச் சொல்றேன். அதுவரை பியூஸைத் தொடாதீங்க.

#5 கேஜிஎஃப்_டீசல்

சுழல்விசை சார், இபிடி விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ஏபிஎஸ் செய்யறதை நல்ல ஓட்டுநர் கால்ல செய்ய முடியாதா? விட்டு விட்டு மிதிச்சா பூட்டாது. லாரி ஓட்டறவங்க காலங்காலமா அப்படித்தானே இறக்கத்தில் வந்தாங்க?

#6 சுழல்விசை

முடியாது. வேகம் காரணமில்லை, கால் ஒன்று, சக்கரம் நான்கு. இடது சக்கரங்கள் ரோட்டோரம் லாரி சிந்திப் போன எம்-சாண்டில், வலது சக்கரங்கள் சுத்தமான தாரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் இடதில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்து வலதை முழுப் பிடிப்பில் வைத்திருக்கும். நீங்கள் காலை எடுத்தால் நல்ல பிடிமானம் உள்ள பக்கமும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு சக்கரத்தின் சறுக்கலையும் 10 முதல் 20 சதவீதத்துக்குள் தனித்தனியாக நிறுத்த எந்தக் காலாலும் ஆகாது.

லாரி இறக்கத்தில் விட்டு விட்டு மிதிப்பது டிரம் சூடாகாமல் இருக்க. அது பூட்டுவதைத் தடுக்கும் வித்தை அல்ல. தொப்பூரில் காருக்கும் அதே அறிவுரைதான்: மூன்றாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போகும். அங்கே ஏபிஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

#7 கிராவல்ராஜா

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு நிஜமாவே ஆஃப் பண்ண வேண்டிய தேவை இருக்கு. மண் தரையில் ஆட்டோகிராஸ் பந்தயம் ஓட்டற வண்டி, முன்சக்கர டிரைவ். கிராவலில் ஏபிஎஸ் இருந்தா வண்டி நிக்கவே மாட்டேங்குது, கார்னருக்குள்ள பின்பக்கத்தைத் திருப்பவும் விடாது. ஸ்விட்ச் வச்சு ஆஃப் பண்ற வழி வேணும், வீட்டுக்கு ஓட்டிட்டு வரும்போது ஆன் ஆகணும்.

#8 சுழல்விசை

கிராவல் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. பூட்டிய சக்கரம் உதிரி மண்ணை முன்னால் ஆப்பு மாதிரி குவித்துக்கொண்டு நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் அந்தக் குவியல் சேராது, நிற்கும் தூரம் நீளும். ஸ்டியரிங் மட்டும் கையில் இருக்கும். 1980-களின் ஆடி குவாட்ரோ வண்டிகளில் டேஷ்போர்டிலேயே ஏபிஎஸ் ஆஃப் ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். பின் டிஃபரன்ஷியலை (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி) பூட்டினால் ஏபிஎஸ் தானாகவே ஒதுங்கிவிடும். பூட்டிய ஆக்சிலில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்போது தனித்தனியாகக் கட்டுப்படுத்துவதற்குப் பொருளில்லை.

ஸ்விட்ச் பற்றி: 40 ஆம்பியர் மோட்டார் லைனை ஒருபோதும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக இழுக்காதீர்கள், உருகும். சென்சார் வயரை வெட்டி ஸ்விட்ச் போடும் பழக்கமும் கெட்டது. அது மில்லிவோல்ட், மில்லிஆம்பியர் அளவிலான சிக்னல். இரண்டு மீட்டர் கூடுதல் வயர் இன்ஜின் பக்கத்தில் ஓடினால் இரைச்சலைப் பிடித்து, ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போதும் பொய் ஏபிஎஸ் வரும். இக்னிஷன் லைன் சின்ன பியூஸ்தான் எடுக்கத் தோதான இடம். ஆனால் அதைத் துண்டித்தால் இபிடியும் போகும். எனவே பின் பிரேக் அழுத்தத்துக்கு நீங்களே ஏற்பாடு செய்தாக வேண்டும்.

வண்டி ஓடும்போது ஸ்விட்சைத் தொடவே கூடாது. நிறுத்தி, இக்னிஷன் ஆஃப் செய்து, பிறகு மாற்றுங்கள். திரும்ப ஆன் செய்தபின் கம்ப்யூட்டர் தன்னைச் சோதித்துக்கொள்ளும். பல வண்டிகளில் முதல் 10–20 கி.மீ. வேகத்தில் பம்ப் ஒரு தடவை 'டக்' என்று ஓடும் சத்தம் கேட்கும். விளக்கு அணைந்ததா என்று பார்த்த பிறகுதான் நெடுஞ்சாலை.

#9 அல்சூர்_ஆயில்

ரெண்டு வார்த்தை சட்டமும் சேர்த்துக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறா உரிமையாளர் வண்டியை மாத்தக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறைன்னு சொல்லுது. ஏப்ரல் 2019-க்குப் பிறகு விற்ற புதுக் கார் எல்லாத்திலும் ஏபிஎஸ் கட்டாயம். பொது ரோட்டில் விபத்து நடந்து, பியூஸ் இடம் காலியா இருக்குன்னு சர்வேயர் எழுதினா இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்கத்தான் செய்வார். போட்டி வண்டியை டிரெய்லரில் ஏத்திட்டுப் போறதுதான் நிம்மதி.

பழைய கார் வாங்கறவங்களுக்கும் ஒண்ணு. ஏபிஎஸ் கெட்டுப்போன வண்டியில் விளக்கையே கழட்டிட்டு விக்கிறது நடக்குது. இக்னிஷன் ஆன் பண்ணினதும் ஏபிஎஸ் விளக்கு ரெண்டு மூணு நொடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா சந்தேகம். இன்ஜின் ஆயில் விளக்கோட சேர்ந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆன நொடியில் அணைஞ்சாலும் சந்தேகம். ரெண்டையும் ஒரே வயரில் முடிச்சுப் போட்டிருப்பாங்க. விளக்கை நம்பாம ஸ்கேனரை மாட்டி ஏபிஎஸ் கம்ப்யூட்டர் பதில் சொல்லுதான்னு பாருங்க. இக்னிஷன் லைன் பியூஸைப் பிடுங்கின வண்டியில் பதிலே வராது.

#10 பெல்லந்தூர்_ஓட்டுநர்

டேட்டா எடுத்தாச்சு. பியூஸைத் தொடலை.

40-இல் நாலு வீலும் 40. 20-இல் நாலும் 20. 12 வரைக்கும் ஒண்ணா இறங்குது. 9 கிட்ட வந்ததும் வலது முன் மட்டும் 9, 0, 8, 0-ன்னு துள்ளுது, மத்த மூணும் 7, 6, 5-ன்னு ஒழுங்கா இறங்குது. பிழைக் கோடு எதுவும் இல்லை. போன வருஷம் வலது டிரைவ் ஷாஃப்ட் மாத்தியிருக்கு, வெளி மார்க்கெட் பார்ட். டோன் ரிங் (வீல் வேகத்தைச் சென்சார் படிக்கிற பல் வளையம்) பல் எண்ணிக்கை தப்பா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.

#11 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

பல் எண்ணிக்கை தப்பில்லை. 48 பல்லுக்குப் பதில் 44 பல் ரிங் போட்டிருந்தா அந்த வீல் எல்லா வேகத்திலும் குறைச்சலா காட்டணும், 40-இல் 37-க்குக் கீழே. உங்களுக்கு 40-இல் நாலும் ஒண்ணு. ரிங்கில் விரிசல்னா சுத்துக்கு ஒரு தடவை துள்ளும், அது வேகமா போகும்போதும் தெரியும். மெதுவா வரும்போது மட்டும் சிக்னல் சாகுதுன்னா இடைவெளி கூடிடுச்சு, இல்ல சென்சார் மூக்கில் ஏதோ ஒட்டியிருக்கு.

உங்க வண்டியில் இருக்கிறது பாசிவ் சென்சாராத்தான் இருக்கணும்: காந்தமும் காயிலும், வெளிமின்சாரம் வேண்டாம், பல் கடக்கும்போது தானே ஏசி வோல்டேஜ் உண்டாக்கும். சக்கரம் மெதுவானா வோல்டேஜ் குறையும், இடைவெளி கூடினாலும் குறையும். ரெண்டும் சேர்ந்தா கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாது. உறுதி பண்ண, சென்சார் வயர் கப்ளரை (இணைப்பு) கழட்டி இக்னிஷன் ஆனில் வண்டி பக்கத்து வயரில் வோல்ட் பாருங்க. 12-க்கு நெருக்கமா வந்தா ஆக்டிவ் சென்சார். அதில் ஓம் மீட்டர் வைக்காதீங்க, அது 7, 14 மில்லிஆம்பியரில் பேசற வேற ஜாதி.

பாசிவ்னா: இக்னிஷன் ஆஃப். கப்ளரில் சென்சார் பக்கத்து ரெண்டு முனைக்கும் நடுவில் ஓம் பாருங்க. பொதுவா 800-இல் இருந்து 2,000 ஓம் வரை இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும், அதனால இடதோட ஒப்பிடறதுதான் முக்கியம். எந்த முனைக்கும் பாடிக்கும் நடுவில் தொடர்பே இருக்கக்கூடாது. அப்புறம் மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வச்சு, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வச்சு, வீலைக் கையால நொடிக்கு ஒரு சுத்து சுத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்தில். நல்ல சென்சார் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல சுலபமா தரும்.

வீலைத் தூக்கினதோட மேலும் கீழும் பிடிச்சு ஆட்டியும் பாருங்க. பேரிங் ஆட்டம் இருந்தா இடைவெளி தானா மாறும், சென்சாரை எத்தனை மாத்தினாலும் தீராது.

சென்சார் கழட்டறப்போ ஜாக்கிரதை. 10-ம் நம்பர் தலை போல்ட் ஒண்ணுதான், ஆனா பிளாஸ்டிக் உடம்பு நக்கிளில் (வீலைத் தாங்கற இரும்பு) துருவோட இறுகியிருக்கும். பிளையரால இழுத்தா மூக்கு உள்ளேயே உடைஞ்சு நிக்கும். துரு இளக்கற ஆயில் அடிச்சு அரைமணி விடுங்க, லேசா இடம் வலமா திருப்பித் திருப்பித்தான் எடுக்கணும்.

#12 பெல்லந்தூர்_ஓட்டுநர்

வோல்ட் 12 இல்லை, ரெண்டுக்குச் சுத்தி. ஓம்: இடது 1,120, வலது 1,090. பாடிக்குத் தொடர்பு இல்லை. ஏசி: இடது 180 மில்லிவோல்ட், வலது 55–60. பேரிங் ஆட்டம் இல்லை.

சென்சார் உடையாம வந்துடுச்சு. மூக்கு முழுக்கக் கறுப்பா இரும்புத்தூள், மீசை மாதிரி குத்திட்டு நிக்குது. நக்கிளில் சென்சார் உட்கார்ற முகத்தில் துரு அடுக்கடுக்கா உரிஞ்சு வருது. மாட்டின நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) வச்சா வலது 1.6 மி.மீ., இடது 0.8.

#13 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

கிடைச்சாச்சு. துரு வளர்ந்து சென்சாரைப் பின்னாடி தள்ளியிருக்கு. பாசிவ் சென்சாருக்கு 0.3-இல் இருந்து 1.2 மி.மீ. சுத்திதான் பழக்கம், உங்க மேனுவலில் சரியான எண் இருக்கும்.

உட்கார்ற முகத்தையும் துவாரத்தையும் வயர் பிரஷ், அப்புறம் 400 நம்பர் உப்புத்தாள் போட்டு வெறும் உலோகம் தெரியற வரை தேய்ங்க. ஃபைல் போட்டு உலோகத்தைக் குறைக்காதீங்க, சென்சார் சாஞ்சுடும். ரிங் பல்லுக்கு நடுவில் இருக்கிற அழுக்கை பிரேக் கிளீனர், நைலான் பிரஷ் போட்டு எடுங்க; ஒவ்வொரு பல்லா டார்ச் அடிச்சு ஒரு முழுச் சுத்து பாருங்க, மயிரிழை விரிசல் அடிப்பக்கம்தான் வரும். ரிங்குக்குக் கீழே துரு புகுந்தா ரிங்கே உப்பி வெடிக்கும். திரும்ப மாட்டும்போது துவாரத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா. காப்பர் கிரீஸ் வேண்டாம். போல்ட் 8–10 நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல முறுக்கினா சென்சாரில் போல்ட் நுழையற காது உடையும்.

இடைவெளியும் மில்லிவோல்ட்டும் இடது பக்கத்துக்கு ஈடா வந்தா சென்சார் மாத்தவே வேண்டாம். வரலைன்னா பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வாங்குங்க, ஆனா பழைய சென்சாரைக் கையில் கொண்டு போங்க. கப்ளர் ஒரே மாதிரி இருந்தும் மூக்கு 2 மி.மீ. குட்டையான மாடல் உண்டு, அதைப் போட்டா மறுபடி இதே கதை.

பின் சக்கரமும் ஒரு நாள் இதே வழிக்கு வரும், டிரம் தூசி ஜாஸ்தி. சக்கர பேரிங் மாத்தற புது வண்டிக்காரங்க கவனிக்க: பல் ரிங்குக்குப் பதில் பேரிங் சீலிலேயே காந்தப் பட்டை இருக்கிற வகையில், பேரிங்கைத் திருப்பி அழுத்திட்டா சென்சாருக்கு எதிரே காந்தமே இருக்காது. வெளியே பார்த்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஒரு குண்டூசியோ பேப்பர் கிளிப்போ வச்சுப் பாருங்க, ஒட்டற பக்கம் சென்சாரைப் பார்க்கணும்.

#14 கிராவல்ராஜா

என் கேள்விக்குத் திரும்பறேன். பின் பிரேக் அழுத்தத்தை அட்ஜஸ்ட் பண்ற பயஸ் வால்வு ஒண்ணு வாங்கிப் பின் லைனில் போட்டுட்டா போதும்ல? ஏபிஎஸ் யூனிட்டைக் கழட்டிட்டு நேரா பைப் போட்டுக்கலாம்னும் பார்க்கறேன்.

#15 சுழல்விசை

முதலில் உங்கள் வண்டியின் பிரேக் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். முன்சக்கர டிரைவ் கார்களில் பெரும்பாலும் குறுக்குப் பிரிப்பு: மாஸ்டர் சிலிண்டரின் ஒரு அறை வலது முன்னுக்கும் இடது பின்னுக்கும், மற்றது இடது முன்னுக்கும் வலது பின்னுக்கும். இதில் "பின் லைன்" என்று ஒரே லைன் கிடையாது, இரண்டு தனி லைன்கள். இரண்டையும் சேர்த்து ஒரே பயஸ் வால்வில் கோத்தால் இரண்டு சர்க்யூட்டும் ஒன்றாகிவிடும். எங்காவது ஒரு பைப் ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போகும். இரட்டைப் பிரிப்பு எதற்காக வந்ததோ அதையே அழித்துவிடுவீர்கள்.

வழி இரண்டுதான். ஒவ்வொரு பின் லைனுக்கும் ஒரே மாதிரி வால்வு ஒன்று; இரண்டையும் ஒரே அளவில் வைப்பது பெரும்பாடு. அல்லது யூனிட்டைக் கழட்டி, முன் இரண்டும் ஒரு அறை, பின் இரண்டும் ஒரு அறை என்று முழுதாகப் பைப் மாற்றுவது. இரண்டாவதைத் தேர்ந்தால் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு அறையும் தேவையான அளவு ஆயிலைத் தள்ளுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன் காலிபர் இரண்டும் இப்போது ஒரே அறையில் தொங்கும். பெடல் ஆழமாகப் போகிறதென்றால் காரணம் அதுதான்.

வால்வு பின் லைனில் மட்டும், முன் லைனில் ஒருபோதும் இல்லை. வில்வுட் போன்ற திருகு வால்வுகள் பின் அழுத்தத்தை அதிகபட்சம் 57 சதவீதம் குறைக்கும், கூட்ட முடியாது.

அமைப்பது இப்படி: காலியான மண் தரை, நேர்கோடு, 40 கி.மீ. வேகம். வெளியே ஒருவர் பக்கவாட்டில் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கட்டும். முன் சக்கரம் ஒரு நொடிப்பொழுது முந்திப் பூட்டும் இடம் வரை திருகுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது இங்கேதான். மண்ணில் பிடிமானம் குறைவு, வண்டி மெதுவாகத்தான் வேகம் குறையும், எடையும் அதிகம் முன்னே சாயாது. அதனால் பின்னுக்கு நிறைய பிரேக் தாங்கும். அதே திருகலோடு தாரில் ஏறினால் எடை வேகமாக முன்னே போகும், பின் சக்கரம் உடனே பூட்டும். மண்ணுக்குச் சரியான அமைப்பு நைஸ் ரோடு மாதிரி தார் நெடுஞ்சாலையில் சுழற்றிவிடும். ஏபிஎஸ் ஆஃபில் தாரில் ஏறுவதென்றால், கிளம்பும் முன்பே பின் சக்கர அழுத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும், தார் நிலையை வால்வில் பெயிண்டால் குறித்து வையுங்கள். யூனிட்டைக் கழட்டிவிட்டால் திரும்ப ஆன் செய்ய ஒன்றும் இல்லை, அந்த வண்டி டிரெய்லர் வண்டி.

என் கருத்து: யூனிட் இருக்கட்டும். சின்ன பியூஸ் ஸ்விட்ச், இரண்டு பின் வால்வு. ஏபிஎஸ் ஆனில் இருக்கும்போது வால்வு இரண்டையும் முழுதாகத் திறந்து வையுங்கள், இபிடி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

#16 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

பைப் வேலைக்கு மட்டும் சேர்த்துக்கறேன். 4.75 மி.மீ. ஸ்டீல் அல்லது குப்ரோநிக்கல் பைப். ஏசி வேலைக்கு வச்சிருக்கிற செம்புப் பைப்பைப் போடச் சொல்ற ஆள் இருந்தா அந்த இடத்தை விட்டே வந்துடுங்க; அவசர பிரேக்கில் லைனில் 100 பாருக்கு மேல போகும், செம்பு அதிர்வில் வெடிச்சுடும். நட் பெரும்பாலும் எம்10×1, ஆனா பைப் முனையை விரிச்சு மடிக்கிறதில் ரெண்டு வகை: பபுள் ஃப்ளேர், டபுள் ஃப்ளேர். ஒண்ணுக்கு ஒண்ணு திருகினா உட்கார்ந்த மாதிரியே இருக்கும், பிரஷரில் கசியும். யூனிட் நட்டைச் சாதா ஸ்பேனரில் தொடாதீங்க, ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேணும், இல்லேன்னா முனை உருண்டுடும்.

லைன் திறந்ததும் முனையில் ரப்பர் மூடி போடுங்க, ரிசர்வாயர் காலியாகவே விடாதீங்க. டாட் 4 பிரேக் ஆயில், சீல் பிரிக்காத புது டப்பா; திறந்து வச்ச டப்பா காத்திலிருந்து ஈரம் இழுக்கும். புதுசா 230 டிகிரியில் கொதிக்கிறது, ஈரம் ஏறினா 155-க்கு இறங்கிடும்.

பிரேக் லைனில் காத்து எடுத்தும் (ப்ளீடிங்) பெடல் பஞ்சு மாதிரி இருந்தா யூனிட்டோட மூடின வால்வுக்குப் பின்னாடி காத்து மாட்டியிருக்கு. ஸ்கேனரில் ஏபிஎஸ் ப்ளீடிங்னு ஒரு மெனு இருக்கும், அது பம்பையும் வால்வையும் ஓட்டி அந்தக் காத்தை வெளியே தள்ளும். அது இல்லாத ஸ்கேனர்னா முதல்ல நாலு வீலிலும் காத்து எடுத்து, பெடல் வண்டியை நிறுத்தற அளவுக்கு வந்த பிறகு, ஆள் இல்லாத மண் தரையில் 20 கி.மீ. வேகத்தில் ஏபிஎஸ் ஆனில் அஞ்சாறு தடவை அழுத்தி மிதிச்சு அடிக்க விடுங்க, திரும்ப நாலு வீலிலும் காத்து எடுங்க. ரெண்டாவது சுத்தில் குமிழி வரும்.